எட்டாவது அட்டை

இரண்டு இதழ்களுக்கு முன் இதே பக்கங்களில் 'ஏழு அட்டைகள்' என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். நான்கு கடிதங்கள் வந்தன. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகைக்கு நான்கு கடிதம் என்பது வெள்ளம்தான். ஒன்று வசை, மூன்று பாராட்டு. வசை எழுதியவருக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை, சீக்கிரம் முடித்துவிடலாம். பாராட்டியவர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்தச் சண்டையில் எதிர்த்தரப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தக் குறிப்பைப் படிக்காதவர்களுக்காக: நான் சேகரிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் அமெரிக்காவில் அச்சான வியாபார அட்டைகளை. உள்ளங்கையளவு கெட்டிக் காகிதம். முன்பக்கம் பல வண்ணத்தில் ஒரு படம். பின்பக்கம் கறுப்பு மையில் சரக்கின் பெருமை, கடைக்காரர் பெயர், தெரு. நூற்கண்டு வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் கல்லாவில் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் பெண்பிள்ளைகள் அவற்றை ஆல்பத்தில் ஒட்டினார்கள். (பசை தடவ வேண்டாத, தானே ஒட்டிக்கொள்ளும் ஆல்பம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை வாங்கியவர் மார்க் ட்வெய்ன். எழுத்தாளன் சம்பாதிக்க வேறு வழி தேடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை.) நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன் அங்கத்திய ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய காகிதக் குவியலைக் கிளறி எடுத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறான். ஒரு அட்டை அங்கே இரண்டு காபியின் விலை. அவனுக்கு என் மேல் பரிதாபம்.

வசைக் கடிதம் எழுதியவர் மூத்த விமர்சகர். அவரிடமிருந்துதான் நான் விமர்சனம் என்ற ஒன்று உண்டு என்பதைத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடன் இருக்கட்டும். அவர் சொல்வது: சிருஷ்டியைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் வெள்ளைக்காரிகளின் பாவாடை எதற்கு? குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதற்கு விமர்சன யோக்யதை எங்கிருந்து வந்தது?

குப்பைக்கூடை என்ற சொல் பொருத்தமானதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகத்தின் அச்சகராக இருந்த ஜான் ஜான்சன், குப்பைக்கூடைக்குப் போகும் அச்சுக் காகிதங்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1968இல் அவை போட்லியன் நூலகத்துக்குப் போயின. அதற்கும் முன்னால், கப்டன் குக்கோடு கப்பலேறிச் செடிகொடிகளைச் சேகரித்த ஜோசஃப் பாங்க்ஸுக்கு சாரா என்று ஒரு தங்கை இருந்தாள். அண்ணன் தாவரம் சேர்த்தான், தங்கை லண்டன் கடைக்காரர்களின் அட்டைகளைச் சேர்த்தாள். இரண்டும் பிரிட்டிஷ் மியூசியம் வரை போயின. அண்ணனைத்தான் விஞ்ஞானி என்றார்கள்.

ஆனால் இதெல்லாம் பதிலாகாது. மியூசியத்தில் இருப்பதாலேயே ஒன்றுக்கு மதிப்பு வந்துவிடாது என்று பெரியவர் சொல்வார், சரியாகவே சொல்வார். நான் அவருக்கு ஞாபகப்படுத்த விரும்புவது வேறு ஒருவரை. 1874 செப்டம்பரில் 'தி நேஷன்' பத்திரிகையின் ஆசிரியர் ஈ. எல். காட்கின் ஒரு தலையங்கம் எழுதினார். பெரிய பாதிரியார் ஹென்றி வார்ட் பீச்சர் மேல் வந்த ஒழுக்கக் குற்றச்சாட்டுதான் சந்தர்ப்பம். காட்கின் அங்கிருந்து தாவி, பத்திரிகைத் துணுக்குகளாலும் மேடைப் பிரசங்கங்களாலும் மலிவான வண்ணப் படங்களாலும் தன்னைப் படித்ததாக நினைத்துக்கொள்ளும் ஒரு சமூகத்தைச் சாடி, அதற்கு வண்ண அச்சுப் படத்தின் பெயரையே வைத்தார்: 'குரோமோ நாகரிகம்'. கூர்மையான கட்டுரை. பாதிக்கு மேல் உண்மையும்கூட. ஆனால் காட்கின் அந்தப் படங்களில் ஒன்றையாவது கையில் எடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்ததற்குக் கட்டுரையில் தடயமில்லை. பெரியவர் காட்கினைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நூற்றைம்பது வருஷம் கழித்து அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார். போலியைச் சாடுகிறவன் போலியைப் பார்க்க வேண்டாமா? (பின்னால் இதே பீச்சர் பேர்ஸ் சோப்புக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்து அது விளம்பரமாக வந்தது. காட்கினுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.)

சரி. இனி பாராட்டியவர்கள்.

ஒருவர், அட்டைகளில் இருக்கும் பெண்களின் உடைகளை நான் வர்ணித்தது 'வண்ணத்தில் எழுதிய கவிதை' என்றார். இன்னொருவர், இன்றைய விளம்பரங்களின் ஆபாசத்தோடு ஒப்பிட்டு அந்தக் காலத்தின் நளினத்துக்காக ஏங்கியிருந்தார். மூன்றாமவர் கவிஞர்; அவருடைய தொகுப்பு அச்சில் இருக்கிறது. நீலப் பாவாடை அணிந்து குடை பிடித்து நிற்கும் பெண்ணின் அட்டையை முகப்புக்குக் கேட்டிருந்தார். மூவரும் நல்ல ரசிகர்கள், என் நண்பர்கள். மூவரையும் ஏமாற்றியவன் நான்.

முதலில் உடைகளைப் பற்றிய பிரமையைக் கலைக்க வேண்டும். இந்த அட்டைகளைச் சேகரிப்பவர்களில் ஒரு பெரிய கூட்டம் உடை மோஸ்தருக்காகவே சேகரிக்கிறது. அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. பாவாடையின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும் பஸிள் என்கிற திண்டு இருந்தால் எழுபதுகளின் முதல் பாதி. திண்டு மறைந்து உடம்போடு ஒட்டி நீளமாக இறங்கினால் 1876 முதல் 1882 வரை. மறுபடி திண்டு, இம்முறை அலமாரித் தட்டு மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் 1883க்குப் பிறகு. தோளில் பலூன் மாதிரி கை உப்பியிருந்தால் தொண்ணூறுகளின் நடுவில். என் குறிப்பிலும் இந்த வாய்ப்பாட்டை ஒப்பித்திருந்தேன். வங்கி குமாஸ்தாவுக்கு இம்மாதிரி வாய்ப்பாடு என்றால் ஒரு பிரியம்.

வாய்ப்பாடு உடைகளைப் பொறுத்தவரை சரி. அட்டைகளைப் பொறுத்தவரை ஆபத்து. எப்படி அச்சானது என்று பாருங்கள். மியூனிக்கில் செனஃபெல்டர் 1796இல் கண்டுபிடித்த கல்லச்சை, எங்கெல்மான் 1837இல் பல வண்ணத்துக்கு விரித்துக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். பத்து, பன்னிரண்டு கல். ஒவ்வொன்றின் மேலும் அதே தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். மயிரிழை விலகினால் உதட்டின் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். என்னிடம் அப்படி ஒரு பெண் இருக்கிறாள், கன்னத்தில் வாயோடு. கல் தயாரிக்கத்தான் செலவு; தயாரித்துவிட்டால் லட்சக்கணக்கில் அடிக்கலாம். பாஸ்டனில் லூயி பிராங் என்ற ஜெர்மன் குடியேறி 1873 வியன்னாக் கண்காட்சியில் பூப்போட்ட தன் கடை அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் சுமார் 1 கோடி. அந்தக் கூட்டத்தின் கைகளில் அட்டைகள் திணிக்கப்பட்டன. அதிலிருந்து இருபது வருஷம் அட்டைகளின் ராஜ்யம். 1893இல் மன்ஸி தன் மாதப் பத்திரிகையின் விலையைப் பத்து சென்டுக்கு இறக்கியதும், மற்றவர்கள் பின்தொடர்ந்ததும், விளம்பரம் பத்திரிகைக்குள் குடிபோனது. அட்டை செத்தது.

நமக்கு வேண்டியது இது: அட்டைகளில் பெரும்பங்கு ஒரு குறிப்பிட்ட சரக்குக்காக வரைந்தவையே கிடையாது. அச்சகம் பொதுவாக ஒரு படத்தை, ஒரு பெண், ஒரு பூனை, ஒரு பூக்கூடை என்று அடித்து அடுக்கிவைக்கும். ஓரத்திலோ பின்பக்கத்திலோ வெற்றிடம். செருப்புக் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் அதே படத்தை வாங்கித் தங்கள் பெயரை அடித்துக்கொள்வார்கள். 1879இல் அடித்த பெண் 1885இல் ஏதோ ஒரு சிற்றூரில் அடுப்பு விற்பாள். அவளுடைய பாவாடையை வைத்து அந்த ஊர்ப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று சொல்வது, நம் நாட்காட்டி லட்சுமியைப் பார்த்து அந்தத் தெருப் பெண்களின் நகையைக் கணக்கெடுப்பது மாதிரி. (ரவிவர்மா படங்களைப் பற்றி இங்கே எழுதக் கை துறுதுறுக்கிறது. அதே கல்லச்சுதான். ஆனால் அது வேறு கட்டுரை; நம்மவர்கள் எதைத் தொட்டாலும் ஐந்தாவது பத்தியில் நம் ஊருக்கு வந்துவிடுகிற வியாதி எனக்கும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு நகர்கிறேன்.)

குழந்தைகளின் உடை இன்னும் விசித்திரம். இந்த அட்டைகளில் உயர்ந்த இடுப்பும் பெரிய தொப்பியும் அணிந்த சிறுமிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். 'அந்தக் காலத்துக் குழந்தைகள்' என்று சேகரிப்பாளர்கள் உருகுவார்கள். அவர்கள் கேட் கிரீன்வே என்ற ஆங்கில ஓவியர் 1879இல் வெளியிட்ட படப்புத்தகத்திலிருந்து திருடப்பட்ட குழந்தைகள். கிரீன்வே வரைந்ததோ அதற்கும் அறுபது எழுபது வருஷம் முந்தைய உடைகளின் சாயலை. ஏக்கத்தின் நகலுக்கு நகல். பிறகு அதைப் பார்த்து லண்டனில் லிபர்ட்டி கடைக்காரர்கள் நிஜமாகவே அப்படிக் குழந்தை உடை தைத்து விற்றார்கள். படம் உடையைக் காட்டவில்லை. உடைதான் படத்தைக் காப்பியடித்தது.

இன்னொன்றை நான் பல மாதம் அட்டைகளைப் புரட்டிய பிறகே கவனித்தேன். இத்தனை கவுன்களிலும் கவுனை விற்பவர் யாருமே இல்லை. அந்த வருஷங்களில் பெண்களின் கவுன் பெரும்பாலும் வீட்டிலேயோ தையல்காரியிடமோ தைக்கப்பட்டது. கடையில் ஆயத்தமாகக் கிடைத்தவை மேலங்கி, உள்ளுடை, கார்செட் மாதிரி சில. ஆகவே அட்டையில் நீலப் பாவாடைக்காரி நிற்பாள். விற்பனைக்கு இருப்பது கிளார்க் கம்பெனி நூல், கோட்ஸ் கம்பெனி நூல், தையல் இயந்திரம், பொத்தான், சோப்பு. உடைக்கு உள்ளே, உடைக்கு வெளியே, உடையைச் சுற்றி இருப்பவை. முகப்புக்குக் கேட்கப்பட்ட அந்தக் குடைக்காரி விற்பது நூற்கண்டு.

கார்செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்னர் சகோதரர்கள் இருவரும் டாக்டர்கள். இறுக்கிக் கட்டும் கார்செட் பெண்களின் உடம்பைக் கெடுக்கிறது என்பதுதான் அவர்கள் தரப்பு. அதற்கு மருந்தாக அவர்கள் 1874இல் ஆரம்பித்தது ஒரு கார்செட் கம்பெனி. திமிங்கில எலும்புக்குப் பதில் மெக்ஸிகோவின் ஒரு கற்றாழை நாரைத் திரித்துச் செருகி, அதற்குக் 'கோரலைன்' என்று பெயரிட்டார்கள். ஆரோக்யம் என்ற சொல் அட்டை முழுக்க இறைந்து கிடக்கும். வியாதியையும் வைத்தியத்தையும் ஒரே இடுப்பில் கட்டிய சாமர்த்தியம். இந்த அட்டையைப் பற்றி என் குறிப்பில் நான் எழுதியது, 'ரோஜா நிறத்தின் மென்மை' என்று ஒரே ஒரு வரி. வங்கியில் காசோலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுத்தால் சஸ்பெண்ட் செய்வார்கள். இலக்கியத்தில் பாராட்டுக் கடிதம் வருகிறது.

நம் வாசகர்கள் இலக்கியக்காரர்கள் என்பதால் ஆஸ்கார் வைல்டைக் கூப்பிடுகிறேன். 1882 ஜனவரியில் அவர் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவர் எழுதியதை யாரும் பெரிதாகப் படித்திருக்கவில்லை, உடைதான் புகழ். வெல்வெட் சட்டை, முழங்கால்வரை கால்சட்டை, பட்டுக் காலுறை. அவரைப் போன்ற அழகியல்வாதிகளைக் கேலி செய்யும் 'பேஷன்ஸ்' என்ற இசை நாடகத்தின் தயாரிப்பாளர் டாய்லி கார்ட்தான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியவர். கேலி புரிய வேண்டுமென்றால் கேலிக்குரியவரை ஊர் ஊராகக் காட்ட வேண்டும் அல்லவா! நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரர் அவரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் வரிசையாகப் படமெடுத்தார். பதினெட்டாம் எண் படத்தில் வைல்ட் கன்னத்தில் கை வைத்து, புத்தகத்தோடு, முன்னே சாய்ந்து நம்மைப் பார்ப்பார். பரோ-கைல்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அனுமதி கேட்காமல் அதை 85,000 பிரதி அடித்தது. எர்ரிச் பிரதர்ஸ் என்ற நியூயார்க் ஜவுளிக் கடையின் வியாபார அட்டையில் வைல்ட் போய் உட்கார்ந்தார்.

சரோனி வழக்குப் போட்டார். அச்சகத்தின் வாதம் சாதாரணமானதில்லை: புகைப்படம் என்பது இயந்திரத்தின் வேலை, அதற்கு ஆசிரியன் என்று ஒருவன் எப்படி இருக்க முடியும்? 1884இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சரோனியை ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டது. காரணங்களைக் கவனியுங்கள்: வைல்டை அவர் நிறுத்திய விதம், ஒளி நிழலை அமைத்த விதம், உடையையும் திரைச்சீலையையும் தேர்ந்து அடுக்கிய விதம். உடை! அதைத் தேர்ந்து அடுக்கியதில் படத்தின் உள்ளே இருக்கும் ஆசாமிக்கு, தன் உடையைத் தன் படைப்பாகவே சுமந்து திரிந்த ஆசாமிக்கு, ஒரு பங்கும் இருப்பதாகத் தீர்ப்பில் இல்லை. படைப்பாளி யார், படைப்பு எது என்று நாம் இந்தப் பக்கங்களில் வருஷக்கணக்காக அடித்துக்கொள்கிறோம். ஒரு ஜவுளிக் கடை அட்டையை வைத்துக்கொண்டு ஒன்பது நீதிபதிகள் அதை எங்களுக்கும் முன்னால் பேசி முடித்திருக்கிறார்கள். பெரியவரே, குப்பைக்கூடையில் இதுவும் இருந்தது.

இது வரைக்கும் சொன்னவை என் சோம்பேறித்தனத்தைப் பற்றியவை. இனி சொல்வது அப்படியில்லை.

அத்தை மகன் கொண்டுவந்தது ஏழு அட்டை கிடையாது, எட்டு. எட்டாவது அட்டையும் உடையைப் பற்றியதுதான், ஆண்களின் காலர். அந்தக் காலத்தில் சட்டையின் காலரும் மணிக்கட்டுப் பட்டையும் தனியே கழற்றி மாட்டுபவை. சட்டையைத் தினம் துவைக்க முடியாது, காலரை மட்டும் வெளுத்தால் போதும், ஆள் கனவானாகத் தெரிவான். நியூயார்க் மாகாணத்தில் ட்ராய் என்ற ஊரின் பிழைப்பே இந்தக் காலர். தைப்பதும் பெண்கள், வெளுப்பதும் பெண்கள். கொதிநீரிலும் அடுப்புச் சூட்டிலும் நின்ற அந்தச் சலவைப் பெண்கள் 1864இல் கேட் முல்லனி என்பவரின் தலைமையில் சங்கம் கட்டி, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். 1869இல் மறுபடி நின்றார்கள், தோற்றார்கள். அதற்குள் உபயோகித்துவிட்டு எறியும் காகிதக் காலர் சந்தைக்கு வந்திருந்தது.

காகிதத்துக்குப் பிறகு வந்தது செல்லுலாய்ட். ஜான் வெஸ்லி ஹயட் 1870இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சும் கற்பூரமும். நெருப்பைக் கண்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியின் மேல் இதைப் பூசிக் காலராக்கினால் தண்ணீர் இறங்காது, அழுக்கு ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பலாம். நல்ல சரக்கு. இதை எப்படி விற்பது?

அட்டையில் ஒரு சீனர். நெடும் பின்னல், துவைக்கும் தொட்டி, இடிந்துபோன முகம். இனித் துவைக்க எதுவுமில்லை என்று அவர் வாயிலேயே, கொச்சை ஆங்கிலத்தில், ஒரு வசனம். இதே காலருக்கு வந்த வேறு அட்டைகளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சீனாவுக்கே கிளம்பிவிடுவார்கள். ஆக, காலரின் குணமாகச் சொல்லப்படுவது அது வெண்மையாக இருக்கும், நனையாது என்பது மட்டுமில்லை. இதை மாட்டினால் இவன் தொலைவான் என்பதும்தான். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் நிறைவேறியது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் இருபத்தெட்டு சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அட்டை அச்சானதும் அந்த வருஷங்களில்தான். அச்சு அருமை. கற்கள் ஒன்றுகூட விலகவில்லை. எட்டில் வேலைப்பாட்டில் இதுதான் சிறந்தது என்று கூசாமல் சொல்வேன். (இன்னொரு தகவல்: உலகச் சந்தைக்கு வந்த கற்பூரத்தில் ஒரு பகுதி, அப்போது சீனப் பேரரசின் கீழ் இருந்த ஃபார்மோசாத் தீவிலிருந்து வந்தது.)

இதை ஏன் விட்டேன்? பக்கம் போதவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். பொய். குறிப்பு அழகாக வந்துகொண்டிருந்தது. நீலம், ரோஜா நிறம், குடை, பூனை. இந்த முகம் நடுவில் வந்தால் வாக்கியங்களின் லயம் கெடும் என்று தோன்றியது. நான் ரசனை என்று எழுதிவந்தது இந்தச் சுதாரிப்பைத்தான் என்று இப்போது தெரிகிறது. எதை ஒதுக்கினால் மற்றது அழகாகும் என்ற கணக்கு. என்னைச் சேர்ந்த மற்ற சேகரிப்பாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். பகட்டான பெரிய புத்தகம் போடும்போது கவுன்களையும் தொப்பிகளையும் முன்னே வைத்து, கறுப்பர்களையும் சீனர்களையும் கேலி செய்யும் அட்டைகளைப் பின்னால் ஒரு அத்தியாயத்தில், 'அக்காலத்தின் துரதிருஷ்டவசமான மனப்பான்மை' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிவைப்பார்கள். ஒரே அச்சகத்தில் ஒரே வாரத்தில் அடித்தவையாக இருக்கலாம். ஒரே ஆல்பத்தில் ஒரே சிறுமி ஒட்டியவையாக இருக்கலாம். அவள் பிரிக்கவில்லை, நாம்தான் பிரித்தோம்.

'தேசங்களின் உடைகள்' என்று சிங்கர் தையல் இயந்திர கம்பெனி 1893 சிகாகோக் கண்காட்சியை ஒட்டி ஒரு வரிசை வெளியிட்டது. ஜூலு நாடு உட்பட ஒவ்வொரு நாட்டவரும் தத்தம் உடையில். நடுவே தையல் இயந்திரம். உடையைப் பார்த்து வியக்கும் அந்தக் கண்ணையே கம்பெனிதான் தைத்துக் கொடுத்தது. அந்தக் கண்ணால்தான் நாம் அட்டை சேர்க்கிறோம்.

எட்டாவது அட்டையை நான் காட்டியது ஒரே ஒருவருக்கு. நம் வட்டத்தில் கதை எழுதுகிறவர். அவருடைய அப்பா இன்றும் தெருமுனையில் இஸ்திரி வண்டி போடுகிறார். அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேளை அந்தக் கோபத்தையும் ரசிக்கத் தயாராக இருந்தேனோ என்னவோ. அவர் சொன்னது இதுதான்: "காலர்ல துவைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. கஞ்சி போட்டு, முறுக்காம, மடிப்பு கலையாம தேய்க்கிறதுதான் கஷ்டம். படத்துல பொட்டியே காணோமே. வரைஞ்சவன் லாண்டரிப் பக்கமே போகாதவன்." பிறகு, "இவர் போயிட்டாரா, இருந்தாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்கவும் தோன்றவில்லை.

அவர் கேட்ட பிறகுதான் தேடினேன். சரோனிக்குத் தீர்ப்பு வந்த இரண்டாவது வருஷம், 1886இல், அதே உச்சநீதிமன்றத்துக்கு ஒரு சலவைக்காரர் வந்தார். சான் ஃப்ரான்ஸிஸ்கோ நகரசபை 1880இல் ஒரு விதி போட்டிருந்தது: மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகரசபை அனுமதி வேண்டும். நகரத்தின் சுமார் 320 சலவைக் கடைகளில் 310 மரக் கட்டடத்தில்தான் இருந்தன. விதியில் சீனர் என்ற சொல்லே கிடையாது. அனுமதி கேட்ட சீனர்கள் சுமார் 200 பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாதவர்கள் சுமார் 80 பேர். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் கடை நடத்திவந்தவர் அனுமதியில்லாமல் தொடர்ந்தார். பத்து டாலர் அபராதம் விதித்தார்கள். கட்டாமல் சிறைக்குப் போனார். வழக்கை மேலே மேலே கொண்டுபோனார். ஜெயித்தார். சட்டத்தின் வாசகம் பாரபட்சமில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அதை நிறைவேற்றும் கையும் அப்படி இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

அந்த வழக்குக்கு 'யிக் வோ' என்று பெயர். அமெரிக்காவில் சட்டம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர். அது அவருடைய பெயரே இல்லை, கடையின் பெயர். அவர் பெயர் லீ யிக். படத்தின் ஆசிரியர் யார் என்று அத்தனை நுணுக்கமாகத் தேடிக் கண்டுபிடித்த நீதிமன்றம், தன் முன்னால் நின்ற மனிதரைக் கடைப்பலகையின் பெயரால் கூப்பிட்டுத் தீர்ப்பு எழுதியது.

என் நண்பர்களுக்கு: நான் அட்டைகளை எரிக்கப் போவதில்லை. அடுத்த முறை அத்தை மகன் வரும்போது இன்னும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பொறுக்கி எடுக்காமல் ஒரு ஆல்பம் முழுதாகக் கிடைத்தால் அப்படியே வாங்கச் சொல்லியிருக்கிறேன், விலை என் ஒரு மாதச் சம்பளமானாலும். நளினத்துக்காக ஏங்கியவர் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். ஏழோடு நிறுத்தமாட்டேன்.

முகப்புக்கு அட்டை கேட்ட கவிஞருக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். குடைக்காரியைத் தருகிறேன். முன்னட்டையில் அவள் வந்தால் பின்னட்டையில் காலர் அட்டை வர வேண்டும், அதே அளவில், அதே வண்ணத்தில். கீழே லீ யிக் என்ற பெயரையும் 1886 என்ற வருஷத்தையும் போட வேண்டும். பின்னட்டை எனக்கான பாராட்டுரைக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை எழுத ஒப்புக்கொண்டவனும் நான்தான். எழுதவில்லை, இடம் காலியாக இருக்கிறது.